ஒருவேளை

என் தம்பி முதலில் ராப் பாடியது
என் குளிர்கோட்டுகளுக்குத்தான்.
ஆர்கன்சாவில், எங்கள் டெல்வுட்டில்,
கோட்டு தேவைப்படுவது வருடத்துக்கு ஆறு வாரம்.
மீதி நாளெல்லாம் அவை
அலமாரிக்குள் தோளோடு தோள் உரசித் தொங்கி
எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்தன.
ஏழு கோட்டு, பதினான்கு கை.
ஒன்றுக்கும் தட்டத் தெரியாது.

மின்விசிறியை நிறுத்தச் சொல்வான்.
ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவான்.
பாட்டுக்கு ஒரு பாட்டில் பால் திரிந்த கோடை அது.

மதியச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து மைக் வாங்கினான்.
ஒரு வேளையைக் கொடுத்து
ஒருவேளையை வாங்கியவன்.

குறுந்தகடு ஐந்நூறு பிரதி.
அச்சகத்தின் கணினி
கார்டெல் மேப்ரி என்ற பெயரைப்
பிழை என்று நினைத்துத் தானே திருத்திவிட்டது.
அட்டையில் வந்தது கார்டெல் மேபி.
மேபி என்றால் ஒருவேளை.
மறுபடி அச்சடிக்கக் காசில்லை,
பெயரை மாற்றிக்கொள்வது மலிவு.

பழைய பியூக்கின் டிக்கிதான் கடை.
ஐந்து டாலர். பேரம் பேசினால் மூன்று.
'கேட்டுப் பார்த்துட்டுத் தரேன்' என்பவருக்குச் சும்மா.
அப்படிச் சொன்னவர்கள் ஊரில் இருநூறு பேர்.

இரவில் கோழி ஆலை.
கொக்கியில் தலைகீழாய் நகர்ந்து வரும் கோழிகளை
அவன் அறுத்தபடி எண்ணுவான்:
நான்கு கோழிக்கு ஓர் அடி,
நான்காவதில் எதுகை விழ வேண்டும்.
மேற்பார்வையாளர் வேகத்தைக் கூட்டிய மாதம்
பாட்டெல்லாம் மூச்சு வாங்கிற்று.

மாவட்டத் திருவிழாவில்
பன்றிப் பந்தயத்துக்கும் டிராக்டர் இழுப்புக்கும் நடுவே
பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.
ஒன்பதாவதில் மைக்கை அணைத்துவிட்டார்கள்.
அவன் நிறுத்தவில்லை.
'உன் தம்பிக்குக் கோபமா?' என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
இல்லை, கணக்கு முடியவில்லை என்றேன்.

பிறகு அட்லாண்டாவிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல ஷூ. கூழாங்கல் பாதையில் பார்த்துப் பார்த்து நடந்தார்.
சொந்த ஊர் மெம்ஃபிஸ் என்று சொல், போதும் என்றார்.
இவன் தலையாட்டினான்.
பல் வைத்தியரின் பில் மேஜைமேல் கிடந்தது;
நான் குறை சொல்லவில்லை.

மெம்ஃபிஸில் மேடை.
இரண்டாவது பாட்டில் கூட்டத்திலிருந்து ஒரு குரல்:
'எந்தத் தெரு?'
தாளம் ஓடிக்கொண்டே இருந்தது.
பதினாறு அடி நேரம் வாயைத் திறக்காமல் நின்றான்.
யாரோ அதைப் படம்பிடித்துப் போட,
நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.
அவன் வாய் திறந்து சொன்ன எதையும்
அத்தனை பேர் கேட்டதே இல்லை.

ஷூக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை.
தம்பி அலமாரிக்குத் திரும்பினான்.
டெல்வுட்டின் தெருக்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு.
மொத்தமே பதினொரு தெரு,
மூன்று நிமிடத்துக்குக் காணவில்லை.
இரண்டு சந்தையும்
வெள்ளம் கொண்டுபோன ஒரு தெருவையும் சேர்த்தான்.

நார்வேயில் ஒருவர்
தினமும் இரவு அதைக் கேட்கிறார்.
கணக்குத்தாளில் அவர் மட்டும் தவறாமல் வருகிறார்.
எங்கள் திருப்பங்கள் அவருக்கு இப்போது மனப்பாடம்.
பைன் தெரு முனை ரொட்டிக்கடை மூடிவிட்டதை
அவருக்கு யார் சொல்வது?

நாற்பத்தொரு வயது. இந்த வருட வரிப் படிவம்.
பாட்டு வருமானம் நாற்பத்தாறு டாலர் பன்னிரண்டு சென்ட்.
செலவு அதைப்போல முப்பது மடங்கு.
தொழிலா, பொழுதுபோக்கா என்று கேட்டேன்.
பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்:
மேபி.
செல்லாதுடா என்று வேறு தாள் எடுத்தேன்.

ஜனவரி. குளிர்கிறது.
கோட்டை எடுக்கலாம் என்று போனால்
கதவுக்குப் பின்னால்
எண்ணிக்கொண்டிருக்கிறான்.